வியன்னாவில் தைத்த ஐந்து பாவாடைகள்

1984 மாரிக் குளிரில் நான்கு வயது மகளையும் ஒரு சூட்கேசையும் கொண்டு நான் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். கணவர் 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, எங்களுக்குச் சில மாதங்கள் முந்தியே வந்து, ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கமாக ஒரு மாடிக்கட்டிடத்தின் ஒன்பதாவது தளத்தில் வீடு எடுத்து வைத்திருந்தார். அவருக்குப் பாண் பேக்கரியில் விடிய முந்தித் தொடங்கும் வேலை. எனக்கு ஸ்படைனா தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பஸ்ஸும் சப்வேயும் மாறிப் போக ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும்.

அந்தப் பக்ரறியில் பெண்களின் பாவாடைகள் தைத்தார்கள். 'தைத்தார்கள்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒருவரும் முழுப் பாவாடை ஒன்றைத் தைப்பதில்லை. ஒருத்தி பக்கம் மூட்டுவாள், ஒருத்தி சிப் வைப்பாள், ஒருத்தி ஓரம் அடிப்பாள். நான் இடுப்புப் பட்டி. காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை இடுப்புப் பட்டி மட்டும்தான். வந்து சேரும் பாவாடைக்கு இடுப்பு இருக்காது. நான் அதை வைத்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவேன். என் கையால் போன பாவாடைகளை நகரம் முழுவதும் பெண்கள் உடுத்தியிருப்பார்கள். ஒன்றையாவது தெருவில் கண்டு 'இது நான் தைத்தது' என்று சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் இரண்டு வருடம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். சங்கீதமும் நாலாம் தரம் வரை படித்திருந்தேன். ஆகவே பக்ரறி வேலையைப் பற்றி ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'ஒரு கொம்பனியில் வேலை செய்கிறேன்' என்று எழுதுவேன். என்ன கொம்பனி என்று எழுதமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில், வீட்டிலிருந்து சில பஸ் தரிப்புகள் தள்ளியிருந்த ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆங்கில வகுப்பு நடந்தது. கணவர் பிள்ளையுடன் வீட்டில் நிற்பார். நான் வகுப்புக்குப் போவேன். வகுப்பு முடிந்தால் அடுத்த பஸ் வர அரை மணித்தியாலம் ஆகும். குளிருக்கு வெளியே நிற்க முடியாது. மேலே மண்டபத்தில் அந்த நேரத்தில் ஒரு பாடற்குழு பயிற்சி செய்யும். நாற்பது பேர் இருப்பார்கள். அது தேவாலயத்தின் குழு அல்ல, அயலில் உள்ள சனங்கள் சேர்ந்து நடத்திய குழு. நான் கடைசி வரிசை வாங்கிலில் கோட்டைக் கழற்றாமல் இருந்து கேட்பேன். முதலில் ஒரு பஸ்ஸை விட்டேன். பிறகு இரண்டு பஸ் விடத் தொடங்கினேன்.

குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். மெலிந்து உயர்ந்த வெள்ளைக்காரர். கம்பளி மேற்சட்டையின் முழங்கை இரண்டிலும் ஒட்டுப் போட்டிருப்பார். மனதுக்குள் நான் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் நேரே என்னிடம் வந்து, "நீங்கள் எந்தக் குரல்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்து, என்னைப் பியானோவுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் ஒரு கட்டையை அழுத்தினார். நான் அந்தச் சுரத்தைப் பாடினேன். இன்னும் கீழே அழுத்தினார், அதையும் பாடினேன். இன்னும் கீழே போனார். நானும் போனேன். அவர் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆல்டோ!" என்றார். இரண்டாவது வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டி, நடுவில் எனக்கு இடம் விட்டார்கள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்.

"ஆல்டோ எண்டா என்ன?" என்று கேட்டார்.

"ஆம்பிளையளுக்கு மேல, மற்றப் பொம்பிளையளுக்குக் கீழ."

"அப்ப வீட்டில இருக்கிற மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். அவருடைய பகிடி எப்போதும் அப்படித்தான். ஆனால் அடுத்த செவ்வாயிலிருந்து எனக்காக மாலைச் சமையலை அவரே செய்தார்.

தொடக்கத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் சங்கீதத்தில் எல்லோரும் பாடுவது ஒரே பாட்டு. இங்கே பக்கத்து வரிசை ஒரு வழியில் போக நான் வேறொரு வழியில் போகவேண்டும். சுருதி பிசகிவிட்டது போலவே காதுக்குப் பட்டது. என்னை அறியாமல் மேற்குரல்காரரின் மெட்டுக்கு ஏறிவிடுவேன். என் இடப்பக்கம் நின்றவர் ஜமேய்க்காவிலிருந்து வந்த ஒரு நேர்ஸ், நல்ல பருத்த உடம்பும் பெரிய சிரிப்பும் உள்ளவர். நான் ஏறும்போதெல்லாம் முழங்கையால் என்னை இடித்துக் கீழே இறக்குவார். மாஸ்டர் ஒருநாள் பாட்டை நிறுத்தி, "உங்கள் குரல் அழகாக ஆடுகிறது. ஆனால் இங்கே அது ஆடக்கூடாது. சுரத்தின் மேலே நில்லுங்கள்" என்றார். கமகம் இல்லாமல் ஒரு சுரத்தின் மேல் நிற்பது எனக்கு ஒற்றைக்காலில் நிற்பது போல இருந்தது. அவர்களுடைய இசைக்குறிப்பும் எனக்கு வாசிக்கத் தெரியாது. நேர்ஸைப் பாடச் சொல்லிக் கேட்டு, ச ரி க ம என்று தமிழில் கொப்பியில் எழுதி, சப்வேயில் போகும்போது பாடமாக்கினேன். ஒரு மாரி முழுவதும் போன பிறகுதான், நாற்பது பேரும் வெவ்வேறு வழியில் போய் ஒரே இடத்தில் வந்து சேர்வதில் உள்ள சுகம் எனக்குப் பிடிபட்டது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன்.

ஒரு விசயத்தை மட்டும் நான் ஒளித்தேன். முதல் மாதம் தேநீர் இடைவேளையில் யார் யார் என்ன வேலை என்ற கதை வந்தது. ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் நூலகத்தில், ஒருவர் வங்கியில். என் முறை வந்தபோது, "ஃபஷன்" என்றேன். அந்த ஒரு சொல்தான். அவர்கள் அதைக் கேட்டு நான் உடுப்பு வடிவமைக்கிறவள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. மூன்று வருடம் திருத்தவில்லை.

1988இல், கோடைக்காலத்தில் வியன்னாவில் நடக்கும் பாடற்குழுக்களின் சந்திப்புக்கு எங்கள் குழுவுக்கு அழைப்பு வந்தது. மாஸ்டர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். உலகத்திலேயே பாட்டுக்குப் பேர்போன நகரம் அது என்று எனக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. நான் போவதில்லை என்று முடிவுசெய்து, வீட்டில் அந்தக் கதையே எடுக்கவில்லை. நேர்ஸ் போன் எடுத்துக் கணவரிடம் சொல்லிவிட்டார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார் அவர்.

"பிள்ளையை ஆர் பாக்கிறது? ஊரில சனம் செத்துக்கொண்டிருக்குது, நான் பாடப் போறனெண்டு வெளிக்கிட்டா என்ன சொல்லுவினம்?"

அவர் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நீர் போகாட்டில் ஊரில சண்டை நிண்டிடுமோ?" என்றார். "பிள்ளையை நான் பாத்துக்கொள்ளுவன். சனம் சொல்லுறதை நான் கேட்டுக்கொள்ளுவன். நீர் போய்ப் பாடிப்போட்டு வாரும்."

அந்த வருடம்தான் எனக்குக் கனடாப் பாஸ்போட் கிடைத்திருந்தது. வியன்னா விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போட்டைப் பார்த்தார். "என்ன நோக்கத்துக்காக வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பாட" என்றேன். அவர் முத்திரையைக் குத்தி, புத்தகத்தைத் திருப்பித் தரும்போது தலையை ஒருமுறை தாழ்த்தினார். முந்திய காலத்தில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் பத்திரங்களை நீட்டிக்கொண்டு பயத்துடன் நின்றவள் நான். பாட வந்தேன் என்று சொல்லி ஒரு நாட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை.

பெட்டிகள் வரும் இடத்தில்தான் கரைச்சல் தொடங்கியது. இடையில் விமானம் மாறிய இடத்தில் எங்களில் ஐந்து பேரின் சூட்கேஸ்கள் தவறிவிட்டன. ஐந்தும் பெண்களுடையவை, நேர்ஸுடையதும் என்னுடையதும் அதில் சேர்த்தி. நாளைக்கு வரும் என்று சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் பாட்டு ஞாயிறு பிற்பகல்.

எங்களை ஊர்ப் பாடற்குழுக்காரர்களின் வீடுகளில் தங்க வைத்தார்கள். நேர்ஸும் நானும் ஒரு முதிய அம்மாவின் வீட்டுக்குப் போனோம். கணவரை இழந்தவர், நான்காம் மாடியில் தனியாக இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்கு ஜேர்மன் தெரியாது. கையளவு அகராதி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் காட்டுவார். மாலையில் எங்களை ட்ராமில் ஏற்றி நகரத்தைக் காட்டக் கொண்டுபோனார். ஒபரா மண்டபத்தின் வாசலில் குதிரை வண்டிகள் நின்றன. பூங்காக்களில் சிலைகள். குதிரையில் ஏறிய ராசாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இங்கே பாட்டு எழுதினவர்களுக்கும் வாத்தியம் வாசித்தவர்களுக்கும் அதே அளவு உயரத்தில் சிலை வைத்திருந்தார்கள். அவர்களின் காலடியில் பூ நட்டிருந்தார்கள். நான் ஒரு சிலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினேன். நேர்ஸ் என்ன செய்கிறாய் என்று கேட்கவும்தான் மறுபடி மாட்டினேன்.

சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்குப் போன் எடுத்தார்கள். சூட்கேஸ்கள் வரவில்லை. பயிற்சிக்காக எல்லோரும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியபோது மாஸ்டர் நிலைமையைச் சொன்னார். பெண்களுக்குக் கறுப்பு நீளப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் என்பது எங்கள் குழுவின் ஒழுங்கு. எத்தனையோ நாட்டுக் குழுக்கள் வரும் இடத்தில், ஐந்து பேர் நேற்றைய பயண உடுப்போடு நிற்கமுடியாது. வெள்ளைச் சட்டை ஊர்க்காரரிடம் இரவல் வாங்கலாம். கறுப்பு நீளப் பாவாடை யாரிடம் ஐந்து இருக்கும்? இன்னொன்றையும் அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்: அந்த நாட்டில் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் எல்லாம் பூட்டிவிடும். பிறகு திங்கட்கிழமைதான் திறக்கும்.

"அப்படியானால் ஐந்து பேரும் பாடாமல் இருப்பதுதான் வழி" என்றார் குழுவில் ஒருவர், மெதுவாக.

அப்போது நேர்ஸ் என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். "இவர் ஃபஷனில் இருக்கிறார்! இவருக்கு ஒரு வழி தெரியும்!"

நாற்பது முகங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தன. அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, மாஸ்டரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன்.

"நான் வடிவமைக்கிறவள் இல்லை. ரொறன்ரோவில் ஒரு பக்ரறியில் பாவாடைக்கு இடுப்புப் பட்டி தைக்கிறேன். அவ்வளவுதான்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அது இன்னும் நல்லது" என்றார். "வடிவமைக்கிற ஒருவரால் இன்றைக்கு எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. உங்களால் ஐந்து பாவாடை தைக்க முடியுமா?"

மணி பதினொன்றே கால். நான் மனதுக்குள் ஒரு பாவாடையைப் பிரித்துப் பார்த்தேன். வெட்டு, பக்க மூட்டு, இடுப்பு, ஓரம். சிப் வேண்டாம், இழுபடும் லாஸ்ரிக் போடலாம். எங்கள் பக்ரறியில் பதினொரு பேர் செய்யும் வேலை. ஊரில் என் சட்டைகளை நானே தைத்தவள்தான். ஆனால் கனடா வந்த பிறகு ஒரு முழு உடுப்பு தைத்ததே இல்லை.

"மெசின் ஒன்று வேண்டும்" என்றேன்.

எங்களைக் கூட்டிவந்து பின்னால் இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு யாரோ ஜேர்மனில் சொன்னார்கள். அவர் உடனே எழுந்து, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கி, என் மணிக்கட்டைப் பிடித்தார். மெசின் இருக்கிறதா, துணிக்கடை எங்கே, ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ட்ராமுக்கு ஓடினோம். நேர்ஸும் மற்ற மூன்று பேரும் எங்களுக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். கடைக்காரர் கதவின் இரும்புத் திரையைப் பாதி இறக்கியிருந்தார். அம்மா குனிந்து உள்ளே போனார். எண்பது வயதை எட்டப்போகிற மனிசி அப்படிக் குனிந்ததை நான் மறக்கமாட்டேன். கடைக்காரர் சத்தம் போட, அம்மா அதைவிடப் பெரிதாகச் சத்தம் போட, ஏழு எட்டு நிமிடத்துக்குள் கறுப்புத் துணிகள் மேசைக்கு வந்தன. ஒன்று கம்பளி, வெயிலுக்கு ஆகாது. ஒன்று வழுக்கும், வழுக்கும் துணியை அவசரத்தில் தைக்கக்கூடாது. மூன்றாவதை விரலுக்கிடையில் கசக்கிப் பார்த்தேன். பருத்தி கலந்தது, தொங்கவிட்டால் நன்றாக விழும், சுருக்கம் நிற்காது. "இது" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது என் குரலே எனக்கு வேறுமாதிரி இருந்தது. கடைக்காரரும் என்னை ஒரு தரம் பார்த்து, தலையாட்டிக்கொண்டு அளக்கத் தொடங்கினார்.

மெசின் அம்மாவின் குசினியில், அடுப்புக்கு எதிரே யன்னலடியில் இருந்தது. விரிப்பை எடுத்துப் பார்த்தேன். கால்மிதி மெசின். நாலு வருடமாகக் கரண்ட் மெசினில் வேலை செய்த கால் எனக்கு. முதல் மிதிக்குச் சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று நூல் அறுந்தது. இரண்டாம் தரமும் அறுந்தது. மூன்றாம் தரம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்தேன். அதோடு கால் பழைய பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

மற்ற நான்கு பேரும் குசினியில் வரிசையாக நின்றார்கள். அளவு நாடாவால் ஒவ்வொருவருக்கும் இடுப்பும் உயரமும் எடுத்தேன். பல் வைத்தியர் மெலிந்தவர்; நேர்ஸ் அவரைப் போல இரண்டு மடங்கு. "எனக்குத் துணி காணுமா?" என்று நேர்ஸ் கேட்டார். "உங்களுக்குத்தான் முதல் வெட்டுகிறேன்" என்றேன். சாப்பாட்டு மேசையில் துணியை விரித்துச் சோக்கால் கோடு போட்டு வெட்டினேன். பல் வைத்தியர் குண்டூசி குத்தினார். குத்துவதில் அவர் கை நிதானமானது. இன்னொருவர் நூல் கோத்தார். நேர்ஸ் தரையில் இருந்து ஓரங்களை மடித்தார். மடித்துக்கொண்டே நாளைய பாட்டில் எங்கள் வரியைப் பாடத் தொடங்கினார். நாங்களும் சேர்ந்தோம். மிதிக்கும் தாளத்துக்குப் பாட்டு சரியாக வரவில்லை. நான் மிதியை மாற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மா அடுப்படியில் ஒரு கண்ணும் எங்களில் ஒரு கண்ணுமாக நின்றார். நான் மூட்டிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டுபோய், இஸ்திரிப் பெட்டி சூடாகும் முன்பே தையலைப் பெருவிரல் நகத்தால் அழுத்தி விரித்தார். அதைக் கண்டதும் நான் மிதிப்பதை நிறுத்தினேன். தையல் தெரியாதவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். அவர் என் பார்வையைக் கவனித்து, தன் நெஞ்சைத் தொட்டு, "ஃபாப்ரிக்" என்றார்.

துணியைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஓம், நல்ல துணி" என்றேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்து, அகராதியைப் பிரட்டி, ஒரு சொல்லில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். அந்தச் சொல்லுக்கு அவர்களின் மொழியில் தொழிற்சாலை என்று அர்த்தம். மறுபடியும் தன் நெஞ்சைத் தொட்டார். இரண்டு கைவிரல்களையும் மூன்று தரம் விரித்துக் காட்டினார். முப்பது வருடம். நான் என் நெஞ்சைத் தொட்டு, "ஃபாப்ரிக்" என்றேன். நாலு விரலைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஊசி கோக்க முடியவில்லை; நேர்ஸ் கோத்துத் தந்தார்.

நடுவில் அம்மா அப்ரிக்கொட் பழத்தை மாவுக்குள் வைத்து அவித்த உருண்டைகளைத் தந்தார். கொழுக்கட்டையைப் போலவே இருந்தது. கறுப்புத் துணியில் மாப் படாமல் இருக்க எங்களை வாசலில் நின்று சாப்பிடச் சொன்னார்.

மாலை ஐந்து மணிக்கு ஐந்தாவது பாவாடைக்கு, அதாவது என்னுடையதற்கு, ஓரம் அடித்து முடித்தேன். ஒவ்வொன்றிலும் இடுப்பு மட்டும் பக்ரறித் தரத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டும் அது எனக்கு வரும். மற்றத் தையல்கள் ஒன்றிரண்டு இடத்தில் நெளிந்திருந்தன. அம்மா எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு, கதவில் வரிசையாகத் தொங்கவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை நானே தைத்த ஐந்து உடுப்பு. எனக்குக் கதவை விட்டு விலக மனம் வரவில்லை.

மறுநாள் பாடியது ஒரு பழைய தேவாலயத்தில். கூரை எவ்வளவு உயரமென்றால், பாடி முடித்த பிறகும் எங்கள் குரல் மேலே போய்த் திரும்பி இறங்கி வந்தது. "அது இறங்கும் வரை பொறுங்கள்" என்று மாஸ்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். எங்களுக்கு முன்னால் பாடிய குழுக்கள் நன்றாகப் பாடின. நேர்ஸ் என் விரல்களை ஒருமுறை நெரித்தார். மாஸ்டர் கையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் இருக்கவில்லை. என் சுரத்தின் மேல் நான் ஆடாமல் நின்றேன். நடுவில் ஒரு இடத்தில் மேற்குரல் நின்றுவிட, ஆல்டோ மட்டும் நாலு மாத்திரை தனியாகப் போகும். ரொறன்ரோவில் அந்த இடத்தில் எத்தனை தரம் தடக்கியிருக்கிறோம்! அன்று பத்துப் பேரும் ஒரே மூச்சாகப் போனோம். எது என் குரல், எது நேர்ஸின் குரல் என்று எனக்கே தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஸ்படைனாவில் தைத்து, செவ்வாய்க்கிழமைகளில் பஸ்ஸை விட்டவள், பாட்டெழுதினவர்களுக்குச் சிலை வைத்த ஊரில் நின்று பாடுகிறாள் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. உடனே அதைத் தள்ளிவைத்தேன். அடுத்த வரி வந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் குரல் கூரையிலிருந்து இறங்கி முடிந்தது. அதன் பிறகுதான் கைதட்டல் தொடங்கியது. இரண்டாவது வாங்கிலில் வீட்டுக்கார அம்மா எழுந்து நின்று தட்டினார். அவர் எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. பாவாடைகளின் ஓரம் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லாக் குழுக்களுக்கும் தேநீர் கொடுத்தார்கள். அங்கே மாஸ்டர் நன்றி சொல்லும்போது, "எங்கள் குழுவில் ஐந்து பெண்கள் இன்று உடுத்தியிருப்பது நேற்று இந்த நகரத்தில், எங்கள் ஆல்டோ ஒருவர் ஒரு குசினியில் தைத்தது" என்று சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். வேறொரு நாட்டுக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்து என் பாவாடையைத் தொட்டுப் பார்த்து, "நீங்கள் டிசைனரா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "ரொறன்ரோவில் தையல் பக்ரறியில் வேலை செய்கிறேன்." ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, குரல் தணிக்காமல்.

மாலையில் வீட்டுக்குப் போன் எடுத்தேன். ரொறன்ரோவில் அப்போது மத்தியானம்.

"எப்பிடி, நல்லாப் பாடினனீங்களோ?" என்று கேட்டார் கணவர்.

"ஓம். நல்லாப் பாடினனாங்கள். நான் அஞ்சு பாவாடையும் தைச்சனான்."

"நீர் பாடப் போனனீரோ, தைக்கப் போனனீரோ?"

நடந்ததைச் சொன்னேன். அவர் இடையில் பகிடி விடாமல் கேட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அம்மா என்ன செய்தவ தெரியுமோ?" என்று தொடங்கி, என் கதையைப் போனில் எனக்குக் கேட்கும்படியே கூட்டிக்குறைத்து அவளுக்குச் சொன்னார். அதில் பாவாடை எட்டாகிவிட்டது. நான் திருத்தவில்லை.

திரும்பி வந்த பிறகு, குழுவோடு நின்று எடுத்த படத்தை எங்கள் தளத்தில் இருந்த ஒரு வயதான அன்ரிக்குக் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினா.

"நீர் எங்கை நிக்கிறீர் பிள்ளை? எல்லாரும் ஒரேமாதிரி. நீர் ஒரு சாறி கட்டியிருந்தா, எங்கட ஆள் எண்டு உடனே தெரிஞ்சிருக்கும்."

"பாடேக்கை ஒராள் தனியத் தெரியக்கூடாது அன்ரி" என்றேன். "உந்தக் கறுப்புப் பாவாடையளைப் பாருங்கோ. உதிலை அஞ்சு என்ர கையால வந்தது."

அவ படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனா. "உது நீர் தைச்சதோ?" என்று கேட்டு, நான் எது எது என்று காட்டக் காட்ட, ஒவ்வொன்றாகப் பார்த்தா. இரவல் கேட்டுப் படத்தை வாங்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் பக்ரறியில் மாதிரி உடுப்புத் தைக்கும் அறை ஒன்று பின்பக்கத்தில் இருந்தது. புதிதாக வரும் உடுப்பை முதன்முதலில் ஒரே ஆள் முழுவதுமாகத் தைப்பது அங்கேதான். நாலு வருடம் அந்தக் கதவைத் தாண்டித்தான் சாப்பாட்டு மேசைக்குப் போனேன், ஒருநாளும் தட்டியதில்லை. அந்த இலை உதிரும் காலத்தில் தட்டினேன். அறைக்குப் பொறுப்பாக இருந்த போர்த்துக்கீசப் பெண், ஒரு துணியையும் ஒரு பாவாடை வரைந்த தாளையும் தந்து, "மத்தியானத்துக்குள் தைத்துக் காட்டு" என்றார். சாப்பாட்டு மணி அடிக்க முந்தியே கொடுத்துவிட்டேன். அவர் உட்புறத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தார். இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்த்தார்.

"முழுப் பாவாடை தைக்க எங்கே பழகினாய்?" என்று கேட்டார்.

ஊரில் பழகினது என்பதுதான் நேர்மையான பதில். எனக்குத் தெரியும். ஆனால் வாயில் அது வரவில்லை.

"வியன்னாவில்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை நான் இருந்து தைத்த கதிரையை அந்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.